சேவ் பண்ணியது ஒன்று, திறந்தால் வேறொன்று: எக்செல் பட்டியல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கில், முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் இருந்துகொண்டு கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், முன்பள்ளி, கடற்றொழிலாளர் சங்கம் என்று பல இடத்துப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கிறேன். துணுக்காய், மாங்குளம், ஒட்டுசுட்டான், கிளிநொச்சி என்று எங்கிருந்தாவது ஒருவர் பென்ட்ரைவோடு வந்து, "அக்கா, பைல் பழுதாப் போச்சு" என்பார். திறந்து பார்த்தால் பத்தில் எட்டு, பழுதான பைலாக இருக்காது. தவறான வடிவத்தில் சேவ் ஆகியிருக்கும். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

நேற்று எக்செலில் மூன்று சீட் செய்து சேவ் பண்ணினேன். இன்றைக்குத் திறந்தால் ஒரு சீட்தான் இருக்கிறது. கூட்டுத்தொகை போட்ட சூத்திரம், நிறம், கோடு ஒன்றையும் காணவில்லை. எங்கே போனது?

பைல் சிஎஸ்வி வடிவத்தில் சேவ் ஆகிவிட்டது. சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துப் பைல். ஒரு ஆளுக்கு ஒரு வரி, ஒவ்வொரு விபரத்துக்கும் நடுவில் ஒரு காற்புள்ளி, அவ்வளவுதான். நிறத்துக்கு அதில் இடமில்லை. சூத்திரத்தின் விடை நிற்கும், சூத்திரம் நிற்காது. சேவ் பண்ணும்போது எந்தச் சீட் திரையில் இருந்ததோ அது மட்டும் பைலுக்குள் போகும்.

பெரும்பாலும் பைல் உங்களிடம் வரும்போதே சிஎஸ்வியாகத்தான் வந்திருக்கும். ஏதோ ஒரு அலுவலகத்தின் கணினி முறைமையிலிருந்து இறக்கியதாக இருக்கலாம். நீங்கள் அதை எக்செலில் திறந்து, புதுச் சீட் சேர்த்து, கோடு போட்டு, கூட்டிப் பார்த்துவிட்டு சேவ் பொத்தானை அழுத்துகிறீர்கள். எக்செல் வந்த வடிவத்திலேயே திருப்பி சேவ் பண்ணும். புதிய பதிப்புகளில் மேலே மஞ்சள் பட்டையில் ஒரு எச்சரிக்கை வரும். அதை மூடிவிடாமல் ஒருமுறை வாசியுங்கள்.

இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. சிஎஸ்வியாக சேவ் பண்ணிவிட்டாலும் பைலை இன்னும் மூடவில்லை என்றால் எல்லாம் திரையில் அப்படியே இருக்கும். மற்றச் சீட், சூத்திரம், நிறம் எல்லாமே இருக்கும். மூடாமல் எஃப் 12 விசையை அழுத்துங்கள். வரும் பெட்டியில் "சேவ் அஸ் டைப்" என்ற இடத்தில் "எக்செல் வேர்க்புக்" என்பதைத் தெரிவுசெய்து சேவ் பண்ணுங்கள். தப்பிவிடுவீர்கள். மூடிய பிறகு என்னிடம் கொண்டுவந்தால் நானும் செய்வதற்கு அதிகம் இல்லை. முன்பு யாருக்காவது வட்ஸ்அப்பில் அல்லது மின்னஞ்சலில் அனுப்பிய பிரதி இருக்கிறதா என்று தேடவேண்டியதுதான். ஒன்ட்ரைவில் வைத்திருந்தால் பழைய பதிப்புகளின் வரலாற்றில் தேடிப் பார்க்கலாம்.

என் பைல் எந்த வடிவம் என்று எனக்கே தெரியவில்லையே?

விண்டோஸ் கணினிகளில் பைல் பெயரின் வால் மறைந்திருக்கும். அதைக் காட்டச் செய்யுங்கள். விண்டோஸ் 10இல் ஒரு கோப்புறையைத் திறந்து "வியூ" தாவலில் "பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதற்குச் சரி போடவேண்டும். விண்டோஸ் 11இல் "வியூ", பிறகு "ஷோ", அதற்குள் அதே பெயர். புதுக் கணினி கைக்கு வந்ததும் நான் முதல் செய்யும் வேலை இதுதான்.

இனிப் பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதைப் பாருங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றால் 2007இல் இருந்து வரும் எக்செல் வடிவம். எக்ஸ்எல்எஸ் என்றால் அதற்கு முந்தையது. ஓடிஎஸ் என்றால் எக்செல் போன்ற வேலையைச் செய்யும் இலவச மென்பொருளான லிப்ரே ஒபிஸின் வடிவம். சிஎஸ்வி பற்றி மேலே சொல்லிவிட்டேன். சில பைல்களுக்கு "எக்ஸ்எல்எஸ்எக்ஸ்.சிஎஸ்வி" என்று இரண்டு வால் இருக்கும். கடைசி வால்தான் கணக்கு.

அப்படியென்றால் சிஎஸ்வி என்ற வாலை அழித்து எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று எழுதிவிட்டால் சரிதானே?

சரிவராது. யூரியாப் பைக்குள் நெல்லைக் கட்டி வைத்தாலும் உள்ளே நெல்தான். வாலை மாற்றினால் எக்செல் குழம்பி, பைல் வடிவம் செல்லாது என்று திறக்கவே மறுக்கும். பயப்படாதீர்கள், பழைய வாலைத் திரும்ப வைத்தால் திறக்கும். வடிவத்தை மாற்ற ஒரே வழி, பைலைத் திறந்து "சேவ் அஸ்" மூலம் வேறு வடிவத்தில் சேவ் பண்ணுவது.

உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்க நான் பைலை நோட்பேட்டில் திறப்பேன். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றால் முதல் இரண்டு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில் பி, கே என்று இருக்கும், மிச்சமெல்லாம் புரியாத குறிகள். அந்த வடிவம் உண்மையில் ஒரு ஸிப் பொட்டலம், அதனால்தான் இப்படி. பெயர்களும் காற்புள்ளிகளும் வாசிக்கக்கூடியதாக இருந்தால் சிஎஸ்வி. பார்த்துவிட்டு நோட்பேட்டை சேவ் பண்ணாமல் மூடவேண்டும்.

அடையாள அட்டை இலக்கம் எல்லாம் 1.98 என்று தொடங்கி நடுவில் ஆங்கில ஈ எழுத்தும் +11உம் வருகிறது. சிலருக்கு கடைசி ஆறு இலக்கமும் சைபராக இருக்கிறது. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் நீங்கள் வாசிக்கவேண்டியது ஒன்றே ஒன்றென்றால் இந்தப் பதிலைத்தான் வாசிக்கச் சொல்வேன்.

பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும் இருந்தன. எழுத்து ஒன்று இருப்பதால் எக்செல் அதைச் சொல்லாக எடுத்துக்கொண்டு அப்படியே வைக்கும். 2016இல் இருந்து 12 இலக்கம் வந்தது, எழுத்து இல்லை. எக்செலுக்கு அது ஒரு பெரிய எண். சாதாரண கட்டத்தில் 11 இலக்கத்துக்கு மேல் வந்தால் எக்செல் அதைச் சுருக்கிக் காட்டும். 198512 என்று தொடங்கும் இலக்கம் 1.98512, ஈ, +11 என்று தெரிவது இதனால்தான்.

சுருக்கிக் காட்டுவது மட்டும் என்றால் இலக்கம் பத்திரமாக இருக்கிறது. கட்டத்தைக் கிளிக் பண்ணி மேலேயுள்ள சூத்திரப் பட்டையைப் பாருங்கள், முழு 12 இலக்கமும் தெரியும். அந்த நிரலை (மேலிருந்து கீழாக வரும் கட்ட வரிசையை) தெரிவுசெய்து, "போமட் செல்ஸ்" இல் "நம்பர்" என்பதைத் தெரிந்து, தசம இடத்தைச் சைபர் ஆக்கினால் கட்டத்திலும் முழுதாகத் தெரியும்.

அழிவு நடப்பது சிஎஸ்வியாக சேவ் பண்ணும்போது. சிஎஸ்விக்குள் போவது கட்டத்தில் தெரிவதுதான். சுருக்கித் தெரிந்தால் அந்தச் சுருக்கம்தான் பைலுக்குள் எழுதப்படும். அடுத்தமுறை திறந்தால் 198512000000. முன் ஆறு இலக்கம் மட்டும் மிச்சம், பின் ஆறும் சைபர். அட்டை இலக்கத்தில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே கிட்டத்தட்ட ஒரே கிழமையில் பிறந்த இரண்டு பேருக்கு ஒரே இலக்கம் வந்துவிடும். அலுவலகத்தில் பார்ப்பவர் "ஒருவர் இரண்டு தரம் பதிந்திருக்கிறார்" என்று ஒரு பெயரை வெட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

எனக்கே இது நடந்தது. ஒரு மாதர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை அனுப்பும் அவசரத்தில் சிஎஸ்வியாக சேவ் பண்ணி, மூலப் பைலையும் அதற்கு மேலேயே எழுதிவிட்டேன். பழைய அட்டை வைத்திருந்த அம்மாமாரின் இலக்கம் எல்லாம் அப்படியே இருந்தது. புதிய அட்டை எடுத்தவர்களின் இலக்கங்கள்தான் போயின. இரண்டு நாள் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போனேன். ஒரு தங்கச்சி, சொப்பின் பைக்குள் சொப்பின் பை வைத்து மூன்று சுற்றாகச் சுற்றியிருந்த அட்டையைப் பிரித்து எடுத்துத் தந்தார். அதே பைக்குள் பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், பிள்ளையின் தடுப்பூசி அட்டை எல்லாம் இருந்தன. இடப்பெயர்வில் எல்லாவற்றையும் தொலைத்து, ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்த சனம் அப்படித்தான் வைத்திருக்கும். அவர் அவ்வளவு கவனமாக வைத்திருந்த இலக்கத்தை நான் ஒரு கிளிக்கில் அழித்திருந்தேன். அன்றைக்குப் பிறகு அடையாள அட்டை நிரலைச் சரிபார்க்காமல் ஒரு பைலையும் நான் வெளியே விடுவதில்லை.

புதுப் பட்டியல் தொடங்கும்போது, ரைப் பண்ணுவதற்கு முன்னமே அந்த நிரலை "டெக்ஸ்ட்" ஆக்கிவிடுங்கள். ரைப் பண்ணிய பிறகு டெக்ஸ்ட் ஆக்கினால் சில நேரம் சுருக்கமே ஒட்டிக்கொள்ளும். வங்கிக் கணக்கு இலக்கத்துக்கும் இதுவே முறை. எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்திருக்கும். பதினாறாவது இலக்கம் எதுவாக இருந்தாலும் சைபராக மாறிவிடும். எந்த வடிவத்தில் சேவ் பண்ணினாலும் அது திரும்பாது.

தொலைபேசி இலக்கத்தின் முன் சைபர் காணாமல் போகிறது.

அதே காரணம். 077, 021, 024 எல்லாம் எக்செலுக்கு எண்கள். எண்ணின் முன்னால் சைபருக்கு மதிப்பில்லை என்று கழற்றிவிடும். இதில் தரவு போகவில்லை, எங்கள் நாட்டு இலக்கம் எல்லாம் பத்து இலக்கம் என்பதால் எளிதாகத் திருத்தலாம். நிரலைத் தெரிந்து "போமட் செல்ஸ்" இல் "கஸ்டம்" என்ற இடத்தில் பத்துச் சைபர் அடியுங்கள். எல்லா இலக்கத்துக்கும் முன் சைபர் வந்துவிடும்.

ஆனால் அதை சிஎஸ்வியாக சேவ் பண்ணி, அந்த சிஎஸ்வியை இருமுறை கிளிக் பண்ணித் திறந்தால் சைபர் திரும்பவும் போகும். சிஎஸ்விக்குள் இருக்கிறது, எக்செல் திறக்கும்போது கழற்றுகிறது. அதனால்தான் நான் எல்லோருக்கும் சொல்வது: சிஎஸ்வியை இருமுறை கிளிக் பண்ணித் திறக்காதீர்கள். வெறும் எக்செலைத் திறந்து, "டேட்டா" தாவலில் "ஃப்ரொம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி" மூலம் உள்ளே எடுங்கள். வரும் பெட்டியில் தரவு வகையைக் கண்டுபிடிக்கவேண்டாம் என்ற தெரிவு உண்டு. அதைக் கொடுத்தால் எல்லாம் எழுத்தாகவே, சைபரோடு வரும். பழைய எக்செலில் இது மூன்று படியாக வரும். மூன்றாவது படியில் அந்தந்த நிரலைக் கிளிக் பண்ணி "டெக்ஸ்ட்" கொடுக்கவேண்டும்.

சிஎஸ்வி திறப்பதற்கு எனக்கு லிப்ரே ஒபிஸ்தான் பிடிக்கும். எந்த சிஎஸ்வியைத் திறந்தாலும் அது முதலில் ஒரு பெட்டியைக் காட்டி, எந்த எழுத்துமுறை, எங்கே பிரிப்பது, எந்த நிரல் டெக்ஸ்ட் என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கும்.

வீட்டு இலக்கம் 12/3 என்று அடித்தால் திகதியாக மாறுகிறது. பாடசாலைப் பட்டியலில் 10-2 வகுப்பும் அப்படித்தான்.

எக்செல் அதை டிசெம்பர் 3 என்றோ மார்ச் 12 என்றோ எடுத்துக்கொள்கிறது. மாறிய பிறகு டெக்ஸ்ட் ஆக்கினால் 45000ஐ ஒட்டிய ஒரு எண் வரும். 1900 ஜனவரி 1ஐ ஒன்றாக வைத்து எண்ணிய நாள் கணக்கு அது. 45292 என்றால் 2024 ஜனவரி 1. அந்த எண்ணை வைத்துக்கொண்டு வீட்டைத் தேட முடியாது. இங்கேயும் முதலில் டெக்ஸ்ட், பிறகு ரைப். ஒன்றிரண்டு கட்டம்தான் என்றால் முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள்குறி போட்டு அடித்தால் போதும்.

இது எங்களுக்கு மட்டும் உள்ள கரைச்சல் இல்லை. மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர் மார்ச், செப்டெம்பர் மாதங்களின் பெயர்போல இருந்ததால் எக்செல் அவற்றைத் திகதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது. 2023இல் மைக்ரோசொப்ட், இந்த மரபணுப் பெயர்கள்போல எழுத்தும் இலக்கமும் ஒட்டி வருவதைத் திகதியாக மாற்றுவதை நிறுத்தும் தெரிவைப் புதிய பதிப்புகளில் வைத்தது. "ஒப்ஷன்ஸ்" இல் "டேட்டா" பகுதியில் பாருங்கள். இருந்தால் சைபர் கழற்றுவதையும் அங்கேயே நிறுத்தலாம்.

திகதி நிரலில் பாதி இடதுபக்கம், பாதி வலதுபக்கம் நிற்கிறது.

கணினி அமெரிக்க முறையில் இருக்கிறது. நீங்கள் நவம்பர் 5ஐ 05/11/2024 என்று அடித்தால் அது மே 11 என்று எடுத்து வலதுபக்கம் நிறுத்தும். 25/11/2024 என்று அடித்தால் 25ஆவது மாதம் இல்லாததால் எழுத்தாக இடதுபக்கம் விட்டுவிடும். இடதுபக்கம் நிற்பவை சரியான திகதிகள்தான். வலதுபக்கம் ஒழுங்காகத் தெரிபவைதான் பிழை. காலபோக விதைப்புத் திகதியை இப்படி அனுப்பினால் நவம்பரில் விதைத்தவர் மேயில் விதைத்தவர் ஆகிவிடுவார்.

விண்டோஸின் "ரீஜியன்" அமைப்பில் இங்கிலாந்து ஆங்கிலத்தைத் தெரிந்தால் நாள் முதலில் வரும். நான் அதோடு விடாமல் திகதியை எப்போதும் 2024-11-05 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் அடிக்கிறேன். எந்தக் கணினியும் அதைப் பிழையாக வாசித்து நான் காணவில்லை.

தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகிவிட்டன. திரும்ப எடுக்கலாமா?

திரையில் என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்தது. நன்றாக உற்றுப் பாருங்கள்.

உண்மையான கேள்விக்குறிகளே வரிசையாக நிற்கின்றன என்றால், அந்தப் பைலிலிருந்து எடுக்க முடியாது. சாதாரண "சிஎஸ்வி" என்ற தெரிவில் சேவ் பண்ணியிருக்கிறீர்கள். அதில் தமிழ் எழுத்துக்கு இடமில்லாததால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு எழுத்தை எறிந்துவிடும். மூலப் பைலைத் தேடி, "சிஎஸ்வி யூடிஎஃப் 8" என்ற தெரிவில் திரும்ப சேவ் பண்ணவேண்டும். எக்செல் 2019 முதல் இந்தத் தெரிவு உண்டு. பழைய எக்செலில் "யூனிகோட் டெக்ஸ்ட்" என்று சேவ் பண்ணலாம், விபரங்களுக்கு நடுவில் காற்புள்ளிக்குப் பதில் டாப் இடைவெளி வரும்.

கேள்விக்குறிக்குப் பதிலாக, தலைக்கு மேல் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் சந்தோஷப்படுங்கள். உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது. யூடிஎஃப் 8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட். எக்செல் அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாக வாசித்துக் காட்டுகிறது. சேவ் பண்ணாமல் மூடுங்கள். பிறகு "ஃப்ரொம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி" மூலம் எடுத்து, "பைல் ஒரிஜின்" என்ற இடத்தில் 65001 யூனிகோட் என்பதைத் தெரிந்தால் தமிழ் வந்துவிடும்.

மூன்றாவது வகை எங்கள் பக்கத்தில் அதிகம் காண்பது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பெயர்கள் ஆங்கில எழுத்தாகவும் நடுவில் அரைப்புள்ளியாகவும் தெரிந்தால் அது பாமினியில் அடித்தது. "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். பாமினியில் அடிக்கும்போது கணினிக்குள் போவது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. சிஎஸ்விக்குள் எழுத்துரு போகாது. நிரலைத் தெரிந்து திரும்பப் பாமினி எழுத்துருவைக் கொடுத்தால் பெயர்கள் வந்துவிடும்.

அதற்குள் இன்னொரு பொறி இருக்கிறது. பாமினியில் "இ" எழுத்து காற்புள்ளியின் விசையில் இருக்கிறது, மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியில் இருக்கிறது. எக்செல் காற்புள்ளி உள்ள பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வைத்துத்தான் சிஎஸ்வியில் எழுதும், அதனால் இராசம்மா தப்புவார். அரைப்புள்ளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. லிப்ரே ஒபிஸின் பெட்டியில் "செமிகோலன்" என்பதற்கும் சரி போட்டிருந்தால் ஒவ்வொரு புள்ளியிலும் பெயர் உடையும். கந்தசாமி என்பவர் "கந" ஒரு கட்டத்திலும் "தசாமி" அடுத்த கட்டத்திலுமாக நிற்பார். அவருக்குப் பின்னால் உள்ள ஏக்கர், வாய்க்கால் இலக்கம் எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகும். வவுனிக்குளத்துச் சிறுபோகப் பட்டியல் ஒன்றை நான் இந்தக் கோலத்தில் பார்த்திருக்கிறேன். செமிகோலன் பெட்டியில் உள்ள சரியை எடுத்துவிட்டால் ஒழுங்காக வரும்.

பாமினியில் உள்ள பழைய பட்டியல்களை ஆறுதலாக இருக்கும் ஒரு நாளில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அதற்கு இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் ஒருவர் வாசிக்க, மற்றவர் பழைய பிரதியோடு ஒப்பிடவேண்டும். வேலைதான், ஆனால் ஆட்களின் பெயர் அல்லவா.

பாடசாலைக் கணினியில் செய்த பைல் வீட்டில் ஒழுங்காகத் திறக்கவில்லை. ஓடிஎஸ் என்று இருக்கிறது.

அங்கே லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. ஓடிஎஸ் நல்ல வடிவம்தான், 2006இல் இருந்து சர்வதேசத் தரநிலை. புதிய எக்செல் திறக்கும், போனில் சில செயலிகள் திறக்காது. லிப்ரே ஒபிஸில் "டூல்ஸ்", "ஒப்ஷன்ஸ்", "லோட்/சேவ்", "ஜெனரல்" என்று போய், "ஓல்வேய்ஸ் சேவ் அஸ்" என்ற இடத்தில் எக்செல் வடிவத்தைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு முறையும் "இந்த வடிவத்திலேயே வைப்பதா" என்று கேட்கும். "ஆம்" என்ற அர்த்தமுள்ள பொத்தானை அழுத்துங்கள், பழக்கத்தில் ஓடிஎஸ்ஸை அழுத்திவிடாதீர்கள்.

அலுவலகம் ஒன்றில் "பழைய எக்செலில் தாருங்கள்" என்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பிரதி ஒன்றை. மூலம் எக்ஸ்எல்எஸ்எக்ஸாகவே உங்களிடம் இருக்கட்டும். எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஒரு சீட்டுக்கு 65,536 வரிதான். புதியதில் 10,48,576. எங்கள் சங்கப் பட்டியல்கள் அந்த அளவுக்கு வராது, மாவட்ட மட்டப் பட்டியல் என்றால் கவனிக்கவேண்டும். இங்கிலாந்தில் 2020 செப்டெம்பர் 25இற்கும் ஒக்டோபர் 2இற்கும் இடையில் கொரோனா தொற்றுக் கண்டறியப்பட்ட 15,841 பேர் நாளாந்தக் கணக்கில் விடுபட்டார்கள். ஆய்வுகூடங்களின் சிஎஸ்வி பைல்களைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்துக்குள் ஏற்றியபோது வரிகள் நிரம்பி, மிச்சம் வெளியே நின்றது. அந்த ஆட்களோடு பழகியவர்களுக்கு அறிவிப்பதும் பிந்தியது.

திரையின் மேல் பைல் பெயருக்குப் பக்கத்தில் "கொம்பேட்டிபிலிட்டி மோட்" என்று இருந்தால் நீங்கள் பழைய வடிவத்தில் வேலை செய்கிறீர்கள். "பைல்", "இன்ஃபோ", "கொன்வேர்ட்" என்று போனால் புதியதாகும்.

திறக்கும்போது பைலின் வடிவமும் வாலும் பொருந்தவில்லை என்று எச்சரிக்கிறது.

இணைய முறைமைகள் சில, வலைப்பக்க அட்டவணையை அப்படியே எக்ஸ்எல்எஸ் என்று பெயர் வைத்துத் தரும். தெரிந்த இடத்திலிருந்து நீங்களே இறக்கியதென்றால் திறந்து, உடனே எக்ஸ்எல்எஸ்எக்ஸாக சேவ் பண்ணுங்கள். தெரியாத ஆள் அனுப்பியதென்றால் திறக்கவேண்டாம்.

போனில்தான் எல்லாம் செய்கிறேன். எதைக் கவனிக்கவேண்டும்?

கூகுள் சீட்ஸ் என்றால் மூன்று புள்ளியை அழுத்தி, பகிர்வு, ஏற்றுமதி என்ற பகுதியில் "சேவ் அஸ்" போய் எக்செலைத் தெரியுங்கள். கணினியில் ஜிசீட் என்ற வாலோடு தெரியும் பைலைப் பென்ட்ரைவில் போட்டுக் கொண்டுவராதீர்கள். அது வெறும் இணைப்பு, உள்ளே பட்டியல் இல்லை. இன்டர்நெட் இல்லாத அலுவலகத்தில் போய் நின்றால் வெறுங்கைதான். டபிள்யூபிஎஸ் செயலியில் ஈடி என்ற வால் வந்தால் அது அந்தச் செயலியின் சொந்த வடிவம், எக்ஸ்எல்எஸ்எக்ஸாக மாற்றி அனுப்புங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் உதவிப் பட்டியலை நம்பர்ஸ் வடிவத்தில் அனுப்புவது உண்டு. ஐபோன், மக் கணினிகளின் செயலி அது. எக்செல் திறக்காது. "எக்ஸ்போர்ட் பண்ணி எக்செலாக அனுப்புங்கோ மாமா" என்று ஒரு வட்ஸ்அப் குரல்பதிவு போட்டால் போதும், அவருக்கு ஒரு நிமிட வேலை.

பட்டியலைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். மறுபக்கத்தில் ஒருவர் திரும்ப ரைப் பண்ணவேண்டும், இலக்கம் பிழைக்க அதுவே போதும். அதேபோல வட்ஸ்அப்பில் வந்த பைலை அப்படியே திறந்து திருத்தவேண்டாம். முதலில் ஒரு கோப்புறையில் சேவ் பண்ணி, அதைத் திறந்து திருத்துங்கள். இல்லாவிட்டால் திருத்தியது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பிறகு தேடவேண்டி வரும்.

சேவ் பண்ணும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது வால் இல்லாத ஒரு பைல் கிடக்கிறது.

அதை அழிக்காதீர்கள். எக்செல் சேவ் பண்ணும்போது முதலில் ஒரு தற்காலிகப் பைலில் எழுதி, முடிந்த பிறகுதான் பெயரை மாற்றும். எழுத்தும் இலக்கமும் கலந்து எட்டு எழுத்தில், வால் இல்லாமல் நிற்பது அதுதான். அதைப் பிரதி எடுத்து, பிரதிக்கு எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று வால் வைத்துத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது உண்மையில் அந்த வடிவம் என்பதால் இங்கே வால் வைப்பது சரி. முழுதாக எழுதி முடிந்திருந்தால் திறக்கும்.

பெயரின் முன்னால் அலைக்குறியும் டாலர் குறியும் உள்ள சின்னப் பைல் வேறு. பைல் திறந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் மட்டும், அதற்குள் பட்டியல் இல்லை. பென்ட்ரைவில் அதை மட்டும் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள், பாவம், முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள்.

எக்செல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் தானாக மீட்புப் பிரதி எடுக்கும். "ஒப்ஷன்ஸ்", "சேவ்" பகுதியில் அதை இரண்டு நிமிடமாக்குங்கள். அதே இடத்தில் "சேவ் பைல்ஸ் இன் திஸ் போமட்" என்பதில் எக்செல் வேர்க்புக் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிஎஸ்வியைத் திறந்தால் "சில்க்" பைல் என்று ஏதோ சொல்கிறது.

உங்கள் முதல் நிரலின் தலைப்பு ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஐ, டி என்று இருக்கும். அந்த இரண்டு எழுத்தோடு தொடங்கும் பைலைப் பழைய காலத்து சில்க் வடிவம் என்று எக்செல் நினைத்துக்கொள்கிறது. தலைப்பை "இலக்கம்" என்று மாற்றுங்கள்.

நீங்கள் பைல்களை எப்படி வைத்திருக்கிறீர்கள்?

ஒரு சங்கத்துக்கு ஒரு கோப்புறை. அதற்குள் "மூலம்" என்ற பெயரோடு ஒரே ஒரு எக்ஸ்எல்எஸ்எக்ஸ் பைல். திருத்தம் எல்லாம் அதில் மட்டும். அலுவலகம் சிஎஸ்வி கேட்டாலும் பழைய எக்செல் கேட்டாலும் மூலத்திலிருந்து பிரதி எடுத்து, "அனுப்பியது" என்ற கோப்புறைக்குள் திகதி போட்டு வைக்கிறேன், 2024-11-05 என்ற வரிசையில். அனுப்பிய பிரதியை ஒருநாளும் திருத்துவதில்லை. அனுப்ப முன் அதை (சிஎஸ்வி என்றால் நோட்பேட்டில்) திறந்து, முதல் ஆள், நடுவில் ஒருவர், கடைசி ஆள் என்று மூன்று பேரின் அடையாள அட்டை இலக்கத்தைக் கையிலுள்ள போட்டோப் பிரதியோடு ஒப்பிடுகிறேன். மூன்றில் ஒருவராவது 12 இலக்க அட்டைக்காரராக இருக்கவேண்டும்.